நிரந்தரப் பணி ஆசிரியருக்குப் பலமா, பலவீனமா?

நடுவர் அவர்களே! எதிரணி அம்மா ஒரு போடு போட்டாங்க: "வேலை நிரந்தரம்னு தெரிஞ்சதும் பேராசிரியர் புத்தகத்தை மூடிடறார்!" கைதட்டினது பூரா மாணவர்கள். (சிரிப்பு)

அப்படிப்பட்டவர் இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா அவரைச் சட்டமா காப்பாத்துது? 1976-இல் வந்த தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் நீக்கவே கூடாது என்றா சொல்கிறது? இல்லீங்க. குற்றச்சாட்டைச் சொல்லு, பதிலைக் கேளு, அதிகாரியிடம் முன் அனுமதி வாங்கு, அப்புறம் நீக்கு. அவ்வளவுதான். கோப்பு எழுதச் சோம்பல்படுகிற நிர்வாகி, ஆசிரியரைச் சோம்பேறி என்கிறார்! (கைதட்டல்)

அசைக்கவே முடியாதாம். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியர், ஆசிரியர் என்று சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் நீக்கினாங்களே! உச்சநீதிமன்றம் வரை போன பிறகுதான் பெரும்பாலோர் திரும்பி வந்தாங்க.

அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் இருக்காங்க. ஆண்டுக்குப் 11 மாதச் சம்பளம். பன்னிரண்டாம் மாதம் கௌரவம் மட்டும்! (சிரிப்பு)

சிரிச்சுட்டீங்க. அவங்களில் ஒருத்தர் அகமதிப்பீட்டு மதிப்பெண் போட உட்கார்றார்னு வெச்சுக்குங்க. ஒரு பையனுக்கு 25-க்கு 8தான் தேறும். அடுத்த வருஷம் இவரை வைக்கலாமா, வேண்டாமான்னு சொல்றவருக்கு வேண்டிய பையன் அவன். வீட்டில் குழந்தை, வாடகை, எல்லாம் கண்ணுக்கு முன்னாடி வருது. பேனா 8-க்குப் போகுமா, 20-க்குப் போகுமா?

அந்த 8-ஐ 8-ஆகவே எழுத, அவருக்கு அடுத்த ஜூனிலும் வேலை இருக்கணும். நாங்க கேட்கிற நிரந்தரம் அதுதான், ஐயா. மணி அடிச்சுட்டீங்க, உட்கார்றேன். (கைதட்டல்)