மண்ணும் வண்ணமும்

(உவரியில் கூடிய நம்மவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருநீலகண்ட நாயனார் திருவடியை நினைந்து தொடங்குகின்றோம்.

உவரிக் கடற்கரையில் நின்று குயத்தொழிலைக் குறித்துப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். இங்கே மணலுண்டு, சக்கரத்தில் ஏறும் களி இல்லை. ஆயினும், பனையேறுவோர் பாளையிற் கட்டிய கலயம் நம்மவர் கைவேலையன்றோ? அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவியே பதநீர் இறக்குவர். இன்றேல் சாறு விரைவிற் புளித்துக் கள்ளாகிவிடும். ஆற்றோரத்துக் களியும் தேரிக்காட்டுப் பனையும் இவ்வாறு ஒன்றையொன்று வாழ்வித்தன.

நம் தொழிலின் நாளாந்த வேலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். குளத்துக் களியை உலர்த்தி, உடைத்து, கல்லும் வேரும் நீக்கி, நீரில் ஊறவைத்து, மணல் சேர்த்து மிதிக்கின்றோம். மணல் ஏன்? வெறுங்களி காய்கையிற் பெரிதும் சுருங்கி வெடிக்கும். மணலே அதனைத் தாங்குகின்றது. சக்கரத்தில் எழுந்த பாண்டத்தை நூலால் அறுத்து நிழலில் வைக்கின்றோம். அது பாதி காய்ந்தபின், உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டி அடியை மூடி உருட்டுகின்றோம். அடி மெலிந்து சீரானாலன்றி, அடுப்பின் வெப்பம் ஒருசேரப் பரவாது. அப்பால் செங்காவி பூசி, கூழாங்கல்லால் மெருகேற்றிச் சூளையில் அடுக்குகின்றோம்.

இவற்றுள் சக்கரம் சுற்றுதல் ஒன்றே ஆடவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகின்றது. மண் மிதிப்பதும், தட்டுவதும், காவி பூசுவதும், பொங்கற்பானையின் கழுத்தில் கோலமிடுவதும் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்மக்கள் செய்வன அல்லவா? பானையை விற்ற பணத்தில் அவர்கள் பங்கு என்ன என்று எத்தனை வீடுகளிற் கணக்கெழுதினோம்? வாங்குவோர், "யார் செய்தது?" என்று வினவுங்கால், வாசலில் நிற்கும் நாம் நம் பெயரையே சொல்கின்றோம், உள்ளே காவிக்கறை படிந்த கையுடையவர் மௌனமாயிருக்கின்றார். இந்த வழக்கம் நமக்குப் பெருமை தருவதன்று.

அழகுவேலை நேற்று வந்ததன்று. தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டில் ஜெர்மனி தேசத்து ஜாகர் என்பார் முதுமக்கட்தாழிகளைக் கண்டெடுத்தார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ என்பார் விரிவாக அகழ்ந்தார். 2004இல் மத்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, ஒரு பெண், பயிர், கொக்கு, மான் முதலிய உருவங்கள் ஒட்டுவேலையாக அமைந்த ஓட்டுத்துண்டும் கிடைத்தது. சாவுக்கு இடும் கலத்திலும் ஒரு கை இத்துணைப் பொறுமையாய் அழகு சேர்த்திருக்கின்றது. கீழடியிற் கிடைத்த ஓடுகளிலோ ஆதன், குவிரன் என்னும் பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. ஆகவே, பாண்டத்தில் பெயர் பொறித்தல் நமக்குப் புதிதன்று.

மானாமதுரையில் கடம் என்னும் இசைக்கருவியைத் தட்டி உருவாக்கிய மீனாட்சி அம்மையார் சங்கீத நாடக அகாடமியின் விருதினை 2014இல் பெற்றார். வித்துவானுக்கு முன்னரே அக்கடத்தை அடித்து அடித்துச் சுருதி கூட்டியது ஒரு பெண்ணின் கை. புதுவையில் 1971இல் தொடங்கப்பெற்ற கோல்டன் பிரிட்ஜ் கலைக்கூடத்தில் பயின்றோர், தத்தம் கைவேலைக்குத் தத்தம் பெயரால் மதிப்புப் பெறுகின்றனர். நம் காருகுறிச்சிப் பானை மட்டும் பெயரற்று விலை பேசப்படுவது ஏன்?

ஆதலின் மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். முதலாவது, ஒவ்வொரு பாண்டத்தின் அடியிலும் செய்தவர் குறியோடு, வண்ணமிட்டவர் குறியும் ஈரமண்ணிலேயே கீறப்படுக. அவர் கூலியும் தனியே எழுதப்படுக. இரண்டாவது, சமைக்கும் பானைக்கும் குடிநீர்ப் பானைக்கும் கடைச்சாய எண்ணெய் வண்ணம் பூசற்க. அவற்றுட் சிலவற்றில் ஈயம் உண்டு, நீர் கசிந்து குளிர்வதற்கான நுண்துளைகளும் அடைபட்டுப்போம். காவியும் சுண்ணாம்பும் போதும். வண்ணச்சாயம் அலங்காரக் கலத்தோடு நிற்கட்டும். மூன்றாவது, குளத்து வண்டலை விலையின்றி எடுக்க, வட்டாட்சியரே அனுமதியளிக்கும் வகையில் 2024இல் விதி எளிதாக்கப்பட்டது. இதனை அறியாது மண்ணை விலைகொடுத்து வாங்குவோர்க்கு மனு எழுதித் தர, படித்த இளைஞர் முன்வருக.

பிள்ளைகள் இத்தொழிலை விட்டு வேறு வேலைக்குச் செல்லின் நாம் வருந்தவேண்டுவதில்லை, விரும்பியதைக் கற்கட்டும். ஆயின், மதிப்பில்லை என்பதனால் விட்டுச் செல்லல் ஆகாது. அம்மதிப்பை அயலார் தரும்வரை காத்திராமல், முதலில் நம் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்குவோம். இன்று வீடு திரும்பியதும், காவிக்கறை படிந்த அக்கைகளுக்கு உரியவரிடம், "இந்தப் பானையில் உன் பெயரை எங்கே எழுதலாம்?" என்று ஒரு வார்த்தை கேட்போமாக.