ஓரிடத்திற்கு இரு பெயர்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வீட்டிலே ஒரு பெயர், பள்ளிக்கூடப் பதிவிலே இன்னொரு பெயர் என்று வழங்கப்படுவோர் நம்மிடையே பலர். ஆள் ஒருவரே என அறியாத எழுத்தர் இருவராகவே கணக்கெழுதிவிடுவார். கணனிக்குரிய சி மொழியிலும் இச்சங்கடம் உண்டு. அதுபற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றோம்.

அம்மொழியை 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஆக்கியவர் டெனிஸ் றிச்சி. நினைவகத்தில் ஓரிடத்தின் முகவரியைத் தாங்கி நிற்பதை அதிலே சுட்டி என்பர். சுட்டிகள் இரண்டு ஒரே இடத்தைக் குறித்தலும் கூடும்.

நாம் எழுதும் செய்நிரலைப் பொறியின் மொழிக்கு மாற்றுவது தொகுப்பான். செய்நிரல் விரைவாக இயங்கவும் அதுவே வழி தேடுகின்றது. ஒருமுறை அறிந்த பெறுமதியை மீண்டும் நினைவகத்திற் சென்று பாராது விடுதல் அவ்வழிகளுள் ஒன்று. இடையிலே வேறொரு சுட்டி அதனை மாற்றியிருந்தால் என் செய்வது? இதற்கென 1989ஆம் ஆண்டு நியமம் ஒரு விதி வகுத்தது. ஒரு வகைப் பொருளை முற்றிலும் வேறு வகைச் சுட்டியாலே தொடலாகாது என்பதே அது. எழுத்துவகைச் சுட்டி முதலிய சில விலக்குகளும் உண்டு.

உதாரணமொன்று காண்போம். நிறைவெண் சுட்டி வழியாக 1 என்று எழுதுகின்றோம். அடுத்து, தசமவெண் சுட்டி வழியாகப் பூச்சியத்தை எழுதுகின்றோம். பின்பு முதற் சுட்டியின் பெறுமதி யாதெனக் கேட்கின்றோம். வகை வேறாதலின் இடமும் வேறே என நம்பிய தொகுப்பான், பாராமலே 1 என விடையளிக்கலாம். இரண்டும் ஓரிடமாயின் அங்கே இருப்பதோ பூச்சியம்! விரைவாக்கும் கட்டளையின்றித் தொகுத்தபோது சரியாக ஓடிய செய்நிரல், கட்டளை கொடுத்ததும் பிழைபடும். எச்சரிக்கை ஒன்றும் வராமலும் போகலாம்.

தவறு யாருடையது? தொகுப்பான் நம்மை நம்பியது; விதியை மீறியவர் நாமே. பெறுமதியை வேறு வகையாகப் படிக்க வேண்டின், மெம்கொப்பி என்னும் செயற்கூற்றாற் பிரதி செய்துகொள்ளலே நேர்வழி. லினக்ஸ் கருவை ஆக்குவோர் இவ்விதியை நம்ப வேண்டாமெனத் தொகுப்பானுக்குக் கட்டளையிட்டே தொகுக்கின்றனர். அதுவும் ஒளிவற்ற வழியன்றோ!

1999ஆம் ஆண்டு நியமம் ரெஸ்ட்ரிக்ட் என்னும் சொல்லையும் தந்தது. இச்சுட்டி குறிக்கும் இடத்தை வேறு வழியாக மாற்றோம் என்று நாமே கொடுக்கும் வாக்கு அது. ஒரே வகைச் சுட்டிகளுக்கும் அது பொருந்தும். அவ்வாக்கு மெய்யோ பொய்யோ என்று தொகுப்பான் ஆராயக் கடமைப்பட்டதன்று.

இளைஞர்களே, ஆராயாது நம்புவோரிடம் வாக்குக் கொடுக்குமுன் இருமுறை எண்ணுதல் நம் கடன்.