மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பேணும் முறை
(கிராம இளைஞர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மாட்டு வண்டிக்கு அச்சாணி எத்துணை இன்றியமையாததோ, மோட்டார் சைக்கிளுக்குப் பிரேக் அத்துணை இன்றியமையாதது. நம் சிற்றூர்களில் பாலும் காய்கறியும் உர மூட்டையும் இன்று மோட்டார் சைக்கிளிலேயே செல்கின்றன. அவற்றுள் பல, பதினைந்து இருபது ஆண்டுகள் உழைத்தவை. இரு சக்கரங்களையும் ஒருசேரத் தடுக்கும் அமைப்போ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்போ புதிய வண்டிகளில் இருத்தல் வேண்டும் என்னும் விதி 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டிகளுக்கு அத்துணை இல்லை. அவற்றில் செல்வோரின் உயிர், சில மில்லிமீட்டர் கனமுள்ள லைனிங்கையே நம்பியிருக்கிறது.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் டிரம் பிரேக்கே உண்டு. டிரம்மினுள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. மிதியை அழுத்தினால் கேம் திரும்பி அவற்றை விரிக்கும்; லைனிங் டிரம்மில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும். உரசுவது தேய்வது இயற்கை. வண்டியை ஓட்டுபவர் கண்ணுக்கு அத்தேய்வு தெரியாது. ஆயினும் பல வண்டிகளில், பிரேக் கம்பி வந்து சேரும் சிறு கையருகே ஓர் அம்புக்குறியும், தட்டில் ஒரு கோடும் அமைந்துள்ளன. மிதியை முழுதும் அழுத்தும்போது அம்பு கோட்டை எட்டிவிட்டால், ஷூக்களை மாற்றியே ஆகவேண்டும். குறி இல்லையெனில், சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்; லைனிங்கின் கனம் 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது பயன்படாது.

என் பிழையொன்றைக் கூறுகிறேன். மரை முழுதும் திருகியும் பிரேக் பிடிக்காதபோது, நான் அச்சிறு கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினேன். காசு மிச்சம் என்று மகிழ்ந்தேன். ஏரிக்கரைச் சரிவில், தேய்ந்த ஷூக்களுக்கிடையே கேம் அளவுக்கு மீறித் திரும்பிச் சிக்கிக்கொண்டது. சக்கரம் பூட்டி வண்டி சாய்ந்தது. பின்னால் அமர்ந்திருந்த என் தம்பி மகனுக்குக் கை முறிந்தது. மிச்சப்பட்டது ஒரு ஜோடி ஷூவின் விலை! இத்தவற்றை எவரும் செய்யலாகாது.

இனி, மாற்றும் முறை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக் கம்பியையும், தட்டைப் பிடித்திருக்கும் பட்டையின் போல்ட்டையும் கழற்றுக. அச்சை உருவிச் சக்கரத்தை எடுத்து, தட்டைப் பிரிக்க. தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் கலந்திருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தலே நன்று. ஷூக்களை இரண்டாகவே மாற்றுக. ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தால் அவற்றையும் மாற்றுக. கேமில் சிறிதளவே கிரீஸ் தடவுக. லைனிங்கில் அது பட்டால் பிரேக் வழுக்கும். டிரம்மில் ஆழ்ந்த வரிகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுக.

திரும்பப் பூட்டும்போது பட்டையின் போல்ட்டையும் அதன் பின்னையும் மறக்கலாகாது. மிதியை அழுத்திப் பிடித்தபடி அச்சு மரையை இறுக்கினால் ஷூக்கள் நடுவில் அமரும். மிதி 2 முதல் 3 சென்டிமீட்டர் இறங்கியபின் பிரேக் பிடிக்குமாறும், விட்டவுடன் சக்கரம் தடையின்றிச் சுழலுமாறும் திருத்துக.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளில் பேட்கள் இரண்டையும் ஒருங்கே மாற்றுக. மாற்றியதும், வண்டியை எடுக்குமுன், கைப்பிடி கெட்டியாகும்வரை பலமுறை அழுத்துக. இதை மறந்தவர்க்கு முதல் தடவை பிரேக் பிடிக்காது.

புதிய லைனிங் டிரம்மோடு பொருந்தச் சிறிது காலமாகும். அதுவரை மெதுவாகச் செல்க. ஓடை கடந்தபின் பிரேக்கை இலேசாக அழுத்தி ஈரத்தைப் போக்குக. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் மனத்திற் கொள்க.

ஏர் பூட்டுமுன் கலப்பையைப் பார்ப்பவர் உழவர். அவ்வாறே, புறப்படுமுன் பிரேக்கைப் பார்க்கும் வழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வேரூன்றுமாக!