வெம்ப்ளி மஞ்சளில் ஒரு சின்னச் சட்டை



பிறந்தநாள் என்றால் நம் வீடுகளில் பெண் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை. அது வேண்டாம் என்றால், கடை வாசலில் விரிந்து தொங்கும் வலைத்துணி ஃபிராக். என் பேத்தி இந்தமுறை இரண்டையும் ஒதுக்கிவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒரு மஞ்சள் சட்டை. ஏதோ ஒரு மஞ்சள் சட்டை இல்லை. 1986ஆம் ஆண்டு லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில், குயின் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி போட்டுக்கொண்டு பாடினாரே, அந்தச் சட்டை. அவள் அம்மா பிறப்பதற்கும் முன்னால் நடந்த கச்சேரி. இவளுக்கு இப்போதுதான் எட்டு வயது நிறையப்போகிறது.

இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பள்ளி விளையாட்டு விழா ஒன்றிலாவது உட்கார்ந்திருப்பவர்களுக்கு குயினின் அந்தப் பாட்டு தெரியும். இரண்டு முறை காலால் மிதி, ஒரு முறை கைதட்டு. 'வீ வில் ராக் யூ' 1977இல் வந்த பாட்டு. எழுதியவர் குழுவின் கிட்டார்க்காரர் பிரையன் மே. அதில் டிரம்ஸ் கிடையாது. மரப்பலகை மேல் ஆட்கள் மிதித்ததையும் தட்டியதையும் திரும்பத் திரும்பப் பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். குழந்தைக்குப் பிடிக்காமல் இருக்குமா? வாத்தியம் வேண்டாம், கை கால் போதும்.

ஃப்ரெடி மெர்குரியின் சொந்தப் பெயர் ஃபரோக் புல்சாரா. பார்ஸிக் குடும்பம். 1946இல் ஸான்ஸிபார் தீவில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு நம் மகாராஷ்டிரத்தின் மலையூரான பஞ்ச்கனியில், விடுதியில் தங்கி. அங்கே வந்து சேர்ந்தபோது அவருக்கும் எட்டு வயது. பள்ளித் தோழர்களோடு சேர்ந்து அங்கேயே ஒரு பாட்டுக்குழு நடத்தி, பியானோ வாசித்திருக்கிறார். இதைச் சொன்னதும் பேத்திக்குச் சட்டை இன்னும் அவசரமாகிவிட்டது.

நான் ரவிக்கை தைத்துப் பழகிய கைக்காரி. ஒரு கோட்டோ மேற்சட்டையோ தைப்பதற்கு முன்னால் அதை நன்றாகப் பார்க்க வேண்டும். வெம்ப்ளியில் ஜூலை 11, 12 என்று இரண்டு இரவு கச்சேரி நடந்திருக்கிறது. காட்சி பதிவாகியிருப்பதால் நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிந்தது. படைவீரர் சட்டையின் சாயல். நிமிர்ந்த காலர், குட்டையான உடம்பு, முன்புறம் குறுக்கே பட்டைகள், அவற்றில் உலோக பக்கிள்கள். கீழே வெள்ளை பேன்ட், பக்கவாட்டில் சிவப்புப் பட்டை. குழுவின் அந்த ஆண்டுச் சுற்றுப்பயணத்துக்கு உடை வடிவமைத்தவர் டயானா மோஸ்லி.

ஏன் மஞ்சள் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் எளிது. ஒரு இரவுக்கு எழுபதாயிரம் பேருக்கு மேல். கடைசி வரிசையில் நிற்பவனுக்கு மேடையில் இருப்பவர் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. அவனுக்கு முகம் தெரியாது, மீசை தெரியாது. மஞ்சளாக ஒன்று இங்கிருந்து அங்கே ஓடுவது தெரியும். அதன் கை மேலே போவது தெரியும். மேடை உடை தூரத்துக்காகத் தைப்பது. பக்கத்தில் வந்து பார்த்தால் முரட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை.

நம் பள்ளி மாறுவேடப் போட்டியில் நடப்பதும் இதுதானே. பாரதியார் வேடத்துக்கு முண்டாசு, மீசை, கறுப்புக் கோட்டு. இந்த மூன்றும் இருந்தால் கீழே அரைக்கால் சட்டை போட்டிருந்தாலும் அவர் பாரதியார்தான். முண்டாசை மறந்துவிட்டு வேட்டிக் கரையில் மெனக்கெட்டால் யாருக்கும் அடையாளம் தெரியாது. ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது, எது இல்லாவிட்டால் ஆள் மாறிவிடுவார் என்பதை. என் கணக்கில் மஞ்சள் நிறம், குறுக்குப் பட்டைகள், பேன்ட்டின் சிவப்புக் கோடு. மீதியெல்லாம் குழந்தையின் சௌகரியத்துக்கு விட்டுவிடலாம். எட்டு வயதுப் பிள்ளை அந்த உடையில் இரண்டு மணி நேரம் ஓடப்போகிறது, தரையில் உட்காரப்போகிறது, கேக் கிரீமைக் கையில் துடைக்கப்போகிறது. வெம்ப்ளியில் இந்தத் தொல்லைகள் இல்லை.

துணியிலிருந்து தொடங்குகிறேன். பளபளப்பாக இருக்கிறதே என்று சாட்டினுக்குப் போகாதீர்கள். வெட்டும்போது வழுக்கும், ஓரம் பிரியும், சென்னை வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். நான் வாங்கியது காட்டன் டிரில். சட்டைத் துணியைவிடக் கனம், பேன்ட் துணியைவிட மெலிது என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பாரிமுனையில் கோடவுன் தெருப் பக்கம் போனால் ஒரே கடையில் பல மஞ்சள் கிடைக்கும். மாம்பழ மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், கிழங்கு மஞ்சள். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் தேர்ந்தெடுக்கக் கூடாது. துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து பார்க்கலாம், கடைக்காரர் முறைத்தாலும் சரி. நமக்கு வேண்டியது மாம்பழத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் இருப்பது. நாற்பத்துநான்கு அங்குல அகலத்தில் ஒன்றரை மீட்டர் எடுத்தால், சுருங்கியது போக, பட்டைகளுக்கும் சேர்த்துப் போதும்.

சுருங்குவதைச் சொன்னேன். வெட்டுவதற்கு முன் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். சிவப்புப் பட்டைக்கு வாங்கும் நாடாவையும் அப்படியே தனியாக நனையுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு ஒட்டினால் அந்த நாடா வேண்டாம், வேறு வாங்குங்கள்.

இனி அளவு. ரவிக்கைக்காரிகளான நமக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்பு அளவுக்கு மேல் ஒன்றிரண்டு அங்குலம் விட்டாலே மனசு கேட்காது. இங்கே அதை மறக்க வேண்டும். இருபத்தைந்து அங்குல மார்புச் சுற்றளவுள்ள குழந்தைக்குச் சட்டையின் சுற்று முப்பது அங்குலம் வரலாம். உள்ளே ஒரு பனியன் போட்டுக்கொள்ள வேண்டும், மூச்சுவிட வேண்டும், குனிய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கைக்குழி. ஃப்ரெடி மெர்குரி வேடம் என்றால் குழந்தை என்ன செய்யும்? ஒரு காலை முன்னால் வைத்து, வலது முஷ்டியை வானத்துக்கு நீட்டும். அதற்குத்தான் இந்தச் சட்டையே. அப்போது சட்டை முழுவதும் மேலே ஏறி வயிறு தெரிந்தால், அல்லது அக்குளில் பட்டென்று பிரிந்தால், வேலை கெட்டது. கை தாராளமாகத் தூக்க வேண்டுமென்றால் கைக்குழியைப் பெரிதாக வெட்ட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நேர் எதிர். கைக்குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது அது பக்கத் துணியையும் சேர்த்து இழுக்கும். அக்குளுக்குப் பக்கத்திலேயே, உயரத்தில் வெட்டுங்கள். கைத்துண்டின் மேல் வளைவையும் தட்டையாகப் போடுங்கள். இன்னும் சந்தேகமாக இருந்தால் பழைய ஜிப்பாவைப் புரட்டிப் பாருங்கள். அக்குளில் சிறியதாகச் சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தைத்திருப்பார்கள். கையைத் தூக்கினால் அது விரியும், இறக்கினால் மடிந்து மறையும். அதே துண்டை இந்தச் சட்டையிலும் வைக்கலாம், வெளியே தெரியாது.

மேடைக்குத் தைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. எழுபதுகளில் ஃப்ரெடி மெர்குரி வெள்ளையாக, கையைத் தூக்கினால் இறக்கை விரிகிற மாதிரி ஒரு மடிப்புச் சட்டை போட்டார். தைத்தவர் ஸாண்ட்ரா ரோட்ஸ் என்கிற பிரிட்டிஷ் வடிவமைப்பாளர். திருமண உடைக்காக உருவான ஒரு மேற்சட்டை அது. தன் பட்டறைக்கு வந்தவரிடம், பிடித்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே ஆடி நடந்து பாருங்கள் என்றாராம். தையல்காரர்கள் எல்லோரும் வாடிக்கையாளரைச் சிலையாக நிறுத்திவைத்துப் பார்க்கிறோம். நானும் இந்தச் சட்டையை ஓட்டுத் தையல் போட்டு நிறுத்திய நிலையில் பேத்திக்கு மாட்டி, பாட்டைப் போட்டுவிட்டேன். மிதித்தாள், தட்டினாள், முஷ்டியைத் தூக்கினாள். முதுகில் இழுப்பதும் காலர் தாடையில் இடிப்பதும் அப்போதே தெரிந்துவிட்டன. காலருக்குள் வைத்திருந்த கேன்வாஸை எடுத்துவிட்டு அதே டிரில் துணியை இரட்டையாக வைத்தேன். நிமிர்ந்து நிற்கிறது, குத்தவில்லை.

பக்கிள்கள். பை பழுதுபார்க்கும் கடைகளில் கிடைக்கும். உண்மையிலேயே மாட்டிக் கழற்றுகிற மாதிரி வைத்தால், அவசரமாகக் கழிப்பறைக்குப் போக வேண்டிய குழந்தைக்கும் உங்களுக்கும் அது பெரிய சோதனை. பட்டையை ஒரு பக்கம் நிரந்தரமாகத் தைத்து, பக்கிளை அலங்காரமாக அதன் மேல் நிறுத்தி, மறுமுனையின் அடியில் வெல்க்ரோ வையுங்கள். வெல்க்ரோவில் சொரசொரப்பான பாதி ஒன்று, மெத்தென்ற பாதி ஒன்று. குழந்தையின் உடம்பைப் பார்த்திருக்கும் பக்கத்தில் சொரசொரப்பு வரக் கூடாது. சுலபமாக மறந்துபோகிற விஷயம். டிரில்லுக்குப் பதினாறாம் நம்பர் ஊசி போடுங்கள். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இடத்தில் மெஷினைக் காலால் ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் திருப்பித் தையுங்கள், ஊசி உடையாது.

பேன்ட் தைக்கவேண்டிய தேவையே இல்லை. பள்ளியின் உடற்பயிற்சி நாளுக்கான வெள்ளை பேன்ட் எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். சிவப்பு நாடாவைப் பக்கவாட்டில் கையால், நீளமான தையலாகப் போட்டால் போதும். விழா முடிந்ததும் உருவிவிடலாம், அடுத்த வகுப்புக்கு வெள்ளையாகவே போகும்.

மீசை பற்றி வீட்டில் பெரிய விவாதம். அவள் அம்மாவுக்குப் பெண்பிள்ளைக்கு மீசை எதற்கு என்று ஒரு தயக்கம். பேத்திக்கு மீசை இல்லாமல் சட்டையே வேண்டாம். நான் பேத்தி பக்கம். ஆனால் பசை போட்டு ஒட்டும் மீசை குழந்தையின் தோலுக்கு ஆகாது, புருவ பென்சில் போதும். வியர்த்தால் கொஞ்சம் வழியும், வழியட்டும்.

அடுத்து வந்த கோரிக்கைக்குத்தான் நான் இறங்கிவரவில்லை. அந்தச் சுற்றுப்பயணத்தில் கச்சேரி முடியும்போது அவர் ஒரு கிரீடமும், தரையில் புரளும் சிவப்பு வெல்வெட் அங்கியும் அணிந்து வருவார். 2023 செப்டம்பரில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் அந்தக் கிரீடமும் அங்கியும் 6,35,000 பவுண்டுக்குப் போயின. கிரீடத்துக்கு எனக்கு ஆட்சேபணையே இல்லை. மயிலாப்பூரில் நாட்டிய உடைக் கடைகளில் கிருஷ்ண ஜெயந்திக்கு விற்கிறார்களே, அதுவே போதும், மயிலிறகை மட்டும் எடுத்துவிட வேண்டும். அங்கிதான் சிக்கல். கழுத்தில் நாடா கட்டித் தொங்கும் எதையும் ஓடியாடும் குழந்தைக்குப் போடக் கூடாது. கதவிலோ ஊஞ்சலிலோ சிக்கினால் கழுத்தை இறுக்கும். அதோடு பிறந்தநாள் என்றால் மெழுகுவத்தி உண்டு. குழந்தை குனிந்து ஊதும்போது தளர்வாகத் தொங்கும் துணி முன்னால் சரியும். பருத்தியும் தீப்பிடிக்கும், அதில் ஏமாற வேண்டாம். ஆனால் செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். அதனால் சட்டைக் கையை மணிக்கட்டில் பிடிப்பாக முடித்தேன். அங்கிக்கு ஒரு சமாதானம் செய்துகொண்டோம். முழங்கால்வரை மட்டும், தோளில் இரண்டு துண்டு வெல்க்ரோ, யாராவது இழுத்தால் கையோடு வந்துவிடும். கேக் வெட்டி முடித்த பிறகு, கடைசிப் பாட்டுக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். வெம்ப்ளியிலும் கடைசியில்தானே போட்டார் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டாள்.

வாடகைக் கடையில் எடுத்தால் இத்தனை பாடு இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே கட்டபொம்மன் கிடைப்பார், காமராஜர் கிடைப்பார். வெம்ப்ளி மஞ்சள் கிடைக்காது. கிடைத்தாலும், பல பிள்ளைகள் போட்டு வியர்த்த உடை என் வீட்டுப் பிள்ளைக்கு வேண்டாம் என்பது என் பிடிவாதம். செலவைப் பார்த்தால் ஒன்றரை மீட்டர் டிரில்லும் கொஞ்சம் நாடாவும் பெரிய தொகை இல்லை. நேரம்தான் போகிறது, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கை நுனியில் இரண்டு அங்குலம் துணி உள்ளே மடித்துவிடுங்கள், பக்கத் தையலிலும் ஓர் அங்குலம் விடுங்கள். அடுத்த வருஷமும் சட்டை பிடிக்கும். பட்டைகளைப் பிரித்துவிட்டால் மார்கழிக் குளிருக்கு வெறும் மஞ்சள் மேற்சட்டையாகப் போட்டுக்கொள்ளலாம். துவைக்கும்போது பக்கிள்களை உள்பக்கமாகத் திருப்பி, வெல்க்ரோவை ஒட்டி மூடிவிட்டுப் போடுங்கள். மூடாவிட்டால் மற்றத் துணியையெல்லாம் அது பிடுங்கும். மஞ்சள் சட்டையை முதல் சில தடவை தனி வாளியில் ஊறப்போடுங்கள். பள்ளி வெள்ளை பேன்ட் அந்த வாளிப் பக்கமே வரக் கூடாது.