நீண்ட ஆயுள் ஒரு கடன்

(நமது பங்கின் முதியோரைப் பாராட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



"நூறாண்டு வாழ்க!" என்று வாழ்த்துவது நம் வழக்கம். அவ்வாறு நூறாண்டைக் கடந்து வாழ்ந்த ஒரு கடற்படை வீரரை இன்று நினைவுகூர விரும்புகிறோம். நீண்ட ஆயுள் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது.

அவர் பெயர் லூ கான்டர். 1921-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தார். 1939-ல் கடற்படையில் சேர்ந்து, அரிசோனா என்னும் போர்க்கப்பலில் பணியேற்றார்.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. ஹவாய்த் தீவுகளிலுள்ள பேர்ள் துறைமுகத்தில் காலைக் கொடியேற்றத்திற்கு ஆயத்தமான வேளையில் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. ஒரு குண்டு அரிசோனாவின் எஃகுத் தளங்களைத் துளைத்துச் சென்று வெடிமருந்துக் கிடங்கை வெடிக்கச் செய்தது. கப்பலின் முன்பாதி முழுவதும் தீ. கடலின் மேல் பரவிய எண்ணெயும் எரிந்தது.

அப்போது கான்டருக்கு வயது இருபது. தன் உயிரை மட்டும் காத்துக்கொள்ள அவர் ஓடவில்லை. உடல் வெந்து, கண் பார்வை இழந்து, தீயினின்று வெளியே வந்தவர்களைத் தோழர்களோடு சேர்ந்து தாங்கிப் பிடித்தார். உயிரோடிருப்பவர் வேறு எவரும் இல்லை என்று மூத்த அதிகாரி உறுதி செய்துகொண்ட பிறகே அவர்கள் கப்பலை விட்டு இறங்கினார்கள். அந்த ஒரு கப்பலில் மட்டும் 1,177 பேர் மாண்டனர். அவர்களுள் 900-க்கும் மேற்பட்டோர் இன்றும் கடலடியில் அக்கப்பலுக்குள்ளேயே துயில்கின்றனர்.

பின்னர் கான்டர் விமானியானார். கறுப்பு வண்ணம் பூசிய காட்டலினா விமானங்களில் இரவு நேரத்தில் பறந்து போரிட்ட 'கறுப்புப் பூனைகள்' அணியில் பணியாற்றினார். 1943-ல் நியூ கினித் தீவுக்கு அருகே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. சுற்றிலும் சுறாமீன்கள். இனிப் பிழைக்கமாட்டோம் என்று ஒருவர் நம்பிக்கை இழந்தபோது, பதறாமல் இருந்தால் பிழைக்கலாம் என்று கான்டர் தைரியம் ஊட்டினார். சத்தமின்றி நீரில் மிதந்திருந்தார்கள். சில மணி நேரம் கழித்து வேறொரு விமானம் வந்து அவர்களுக்குப் படகொன்றைப் போட்டது.

அன்று கடலில் கற்ற பாடத்தை அவர் தமக்குள் வைத்துக்கொள்ளவில்லை. எதிரியின் மண்ணில் விழுந்த விமானி உயிர் பிழைப்பது எப்படி, சிறைப்பட்டால் மனம் தளராதிருப்பது எப்படி என்பதைக் கற்பிக்கும் பயிற்சியை அமெரிக்கக் கடற்படையில் உருவாக்கியவர்களுள் அவர் ஒருவர். அவரிடம் பயின்ற சிலருக்கு வியட்நாம் போர்க்கால சிறைவாசத்தில் அப்பாடம் கைகொடுத்தது. 1967-ல் அவர் ஓய்வு பெற்றார்.

முதுமையில் ஊரார் அவரை 'மாவீரர்' என்று அழைத்தார்கள். அப்பட்டத்தை அவர் ஏற்கவில்லை; வீடு திரும்பாத தோழர்களுக்கே அது உரியது என்றார். 2023-ல் மற்றொரு தோழரும் மறைந்தபின், அரிசோனாவிலிருந்து தப்பியவர்களுள் அவர் ஒருவரே எஞ்சினார். 2024 ஏப்ரல் முதல் நாளன்று, 102-ஆம் வயதில் அவரும் கண்மூடினார்.

அன்பிற்குரியவர்களே, இருபது வயதில் மாண்டவர்கள் வாழாத ஆண்டுகளை எல்லாம் இவர் வாழ்ந்தார். அதை உரிமை என்று கொள்ளாமல் கடன் என்று கொண்டார். பிழைக்கும் வழியைப் பிறருக்குக் கற்பித்தும், மாண்டோரை மறவாதிருந்தும் அக்கடனை அடைத்தார்.

இனி அரிசோனாவிலிருந்து உயிர் தப்பி, அதன் கதையைச் சொல்ல எவரும் இல்லை. நம் வீட்டுத் திண்ணையிலும் இப்படிப்பட்ட கதைகள் காத்திருக்கின்றன. பஞ்சத்தைக் கண்டவர்கள், புயலில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள், சிறு வயதில் குடும்பச் சுமையைத் தோளில் ஏற்றவர்கள் நம்மிடையே உண்டு. கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம், நல்லது. ஆனால் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அருகில் அமர்ந்து, "தாத்தா, அன்று என்ன நடந்தது?" என்று கேட்கிறோமா? பிள்ளைகளே, இன்று மாலையே கேளுங்கள். பெரியோர்களே, தயங்காமல் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் உங்களோடு வாழ்ந்து மறைந்தவர்களை எங்களுக்கு யார் அறிமுகம் செய்வார்?