புது நைட்ரோ டிரக்கும் டூ-ஸ்ட்ரோக் காதும்



ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல், ஷூ வியாபாரத்துக்காக வெளிநாடு போய் வருகிறவர்கள் பலர். வரும்போது பிள்ளைக்கென்று ஒரு ரிமோட் டிரக்கும் பெட்டியில் ஏறிவிடும். பேட்டரியில் ஓடுவதென்றால் கவலையில்லை. நிஜமான என்ஜின் வைத்த நைட்ரோ டிரக்காக இருந்தால், பெட்டியைப் பிரித்த அன்றே அதை முழு வேகத்தில் விரட்டிவிடாதீர்கள். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

இரண்டரை, மூன்றரை சிசி அளவுதான் அந்த என்ஜின். ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றுவரை சுற்றும். வேலை செய்யும் முறை நமக்குப் பழகிய டூ-ஸ்ட்ரோக்தான். 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டி வந்த நாள்முதல் ஆயில் கலந்த பெட்ரோல் புகை நம் தெருக்களில் கலந்துவிட்டது. 2015-இல் எக்ஸ்எல் 100 ஃபோர்-ஸ்ட்ரோக்காக வந்துவிட்டாலும், பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்த்தும் சத்தத்தைக் கேட்டும் கார்புரேட்டரின் கோளாறைச் சொல்லும் பழைய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். புது டிரக்கை அப்படி ஒருவரிடம் காட்டுங்கள். இந்த என்ஜினுக்கு வேண்டியதும் அந்தக் கண்ணும் காதும்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. இதில் பொறி தட்டும் பிளக் கிடையாது. இருப்பது குளோ பிளக். 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் கொண்டுவந்தது. உள்ளே பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச் சுருள். ஒன்றரை வோல்ட் கொடுத்து அதைச் சிவக்க வைத்து ஸ்டார்ட் செய்கிறோம். பிறகு மின்சாரத்தை எடுத்துவிட்டாலும், மெத்தனாலும் பிளாட்டினமும் சேர்ந்து அந்தச் சூட்டைத் தாமாகவே காத்துக்கொள்ளும். எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். அதோடு நைட்ரோமீத்தேன், விளக்கெண்ணெய் அல்லது செயற்கை ஆயில்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். அதனால்தான் அதன் விற்பனைக்கும் இருப்புக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. வீட்டில் கலக்கும் யோசனையே வேண்டாம். முறையாக விற்பவரிடம், கலந்து சீல் வைத்த டப்பாவாக வாங்குங்கள். விமானத்தில் கொண்டுவர அனுமதி கிடையாது. தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். இது எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இனி என்ஜினுக்கு வருவோம். இதன் சிலிண்டர் மேலே போகப் போகக் குறுகும். குளிர்ந்த புது என்ஜினைச் சுற்றிப் பார்த்தால் பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிக்கும். அது கோளாறில்லை, அமைப்பே அப்படித்தான். சூடேறும்போது சிலிண்டர் விரிந்து சரியான இடைவெளி வரும். ஆகவே, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தலைமுடி உலர்த்தும் டிரையரால் என்ஜினின் தலையைச் சூடாக்குங்கள். குளிரில் இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்தால் அந்தப் பிடிப்பு தேய்ந்துபோகும், கனெக்டிங் ராடும் அடிவாங்கும். முதல் டேங்கை ஐடிலிங்கில் ஓட விடுங்கள். அடுத்த நாலைந்து டேங்குக்கு மெதுவோட்டம். கார்புரேட்டர் ஊசியைக் கம்பெனிப் புத்தகம் சொல்லும் அளவில், சற்று ரிச்சாகவே, அதாவது எரிபொருள் கூடுதலாக வரும்படியே வையுங்கள். புகை நன்றாக வரட்டும். இடதுபுறம் திருகினால் ரிச், வலதுபுறம் திருகினால் லீன். லீனாக்கினால் எரிபொருள் மட்டும் குறைவதில்லை, அதோடு வரும் ஆயிலும் குறைகிறது. இந்த என்ஜினுக்கு வேறு ஆயில் வழி இல்லை. வேகத்துக்கு ஆசைப்பட்டு ஊசியை இறுக்கியவர்களின் பிஸ்டன் ஜாம் ஆவது இதனால்தான்.

என்ஜின் அணைந்து அணைந்து போனால் பலரும் முதலில் ஊசியைத்தான் திருகுகிறார்கள். அது கடைசி வேலை. பிளக்கைக் கழற்றி, சுருள் முழுவதும் சிவக்கிறதா என்று பாருங்கள். டியூபில் பிளவு உண்டா? டப்பாவைத் திறந்தே வைத்து எரிபொருள் ஈரம் வாங்கிவிட்டதா? ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா? பாலாற்று மணலில் ஓட்டுகிறவர்களுக்கு ஃபில்டர்தான் உயிர். ஆயில் தடவாத பஞ்சு மெல்லிய மணலைத் தடுக்காது; அந்த மணல் சிலிண்டரைத் தேய்த்துத் தின்றுவிடும். தோல் பஃபிங் தூசி பறக்கும் இடத்திலும் ஓட்ட வேண்டாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் ஊசியைத் தொடலாம். முதலில் அதிவேக ஊசி, பிறகுதான் ஐடில் ஊசி. ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்குச் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். ஓட்டிவிட்டு வந்ததும் என்ஜின் தலைமேல் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். சொர்ரென்று உடனே மறைந்தால் சூடு அதிகம், ரிச்சாக்குங்கள். கொதிக்காமல் அப்படியே நின்றால் சூடு போதவில்லை. மூன்று நான்கு நொடியில் கொதித்துப் போனால் சரி. ஐடிலிங்குக்கு வேறு சோதனை: எரிபொருள் டியூபை விரலால் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு மூன்று நொடியில் சத்தம் லேசாக ஏறி அணைந்தால் நல்லது. உடனே அணைந்தால் லீன். நெடுநேரம் ஓடிச் சத்தம் ஏறிக்கொண்டே போனால் ரிச்.

வேலூர் வெயிலையும் கணக்கில் வையுங்கள். மே மாதச் சூட்டில் காற்றின் அடர்த்தி குறைவு. அன்று சரியாக வைத்த ஊசி, மார்கழிக் காலையின் அடர்ந்த காற்றில் லீனாகிவிடும். பருவம் மாறினால் மறுபடி ரிச்சிலிருந்து தொடங்குங்கள்.

ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சம் எரிந்து தீரும்வரை ஓட விடுங்கள். பிளக் துளையில் இரண்டு துளி ஆயில் விட்டு நாலு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு பிஸ்டனை அடியில் கொண்டுவந்து நிறுத்துங்கள். உச்சியில் நின்றால், சிலிண்டர் ஆறிச் சுருங்கும்போது அதைக் கவ்விக்கொள்ளும். அடிநிலை தெரிய ஃபிளைவீலில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.