இரு மோகன்கள்

நகைச்சுவை எழுதுவது எளிய தொழில் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். கேட்டுச் சிரிப்பவருக்கு அது எளிதாகவே தோன்றும். எழுதுகிறவனுடைய பாடு அவனுக்குத்தான் தெரியும். மெய்ப்பாடு எட்டனையும் கூறப் புகுந்த தொல்காப்பியர் நகையையே முதலில் வைத்தார். ஆயினும் அழுகையை எழுதுபவனைக் கலைஞன் என்றும், நகையை எழுதுபவனை வேடிக்கைக்காரன் என்றும் கூறுவதே நம் வழக்கமாகிவிட்டது.

நேயர்களே! நான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பாதுகாப்பு அலுவலனாகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன். இலக்கிய ஆராய்ச்சியாளன் அல்லன். இயந்திரத்தின் முன் நிற்பவனுடைய கையும் விரலும் மாலையில் முழுமையாக வீடு திரும்ப வேண்டும் என்பதே என் தொழிலின் கவலை. அந்தக் கவலையிலிருந்து பார்க்கும்போது, நம்மைச் சிரிக்க வைத்த இருவருடைய வாழ்க்கை எனக்கு மிகவும் பொருள் உடையதாகத் தோன்றுகிறது. இருவர் பெயரும் மோகன் என்பது ஒரு நல்ல பொருத்தம். ஒருவர் சொல்லால் நகை விளைத்த கிரேஸி மோகன். மற்றவர் சித்திரத்தால் நகை விளைத்த ராம் மோகன்.

கிரேஸி மோகன் 1952 ஆம் ஆண்டு பிறந்தவர். கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பயின்றார். அங்கு மாணவராக இருந்தபோதே, 1972 இல், கல்லூரிகளுக்கிடையிலான போட்டிக்கு நாடகம் எழுதினார். பட்டம் பெற்றபின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்தார். வண்டிகளுக்கு வேண்டிய காற்றுத் தடைக் கருவிகளைச் செய்யும் அந்நிறுவனத்தின் ஆலை பாடியில் இருந்தது. பாடி அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997 இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. பின்னர்ச் சென்னையோடு இணைந்தது. ஆகவே, அவரை எங்கள் தொழில் வட்டாரத்து மனிதர் என்று உரிமை கொண்டாடுவதில் எனக்குத் தயக்கம் இல்லை.

1976 இல் எஸ்.வி. சேகரின் நாடகப்பிரியா குழுவுக்காக ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ என்னும் முழுநீள நாடகத்தை எழுதினார். நாடகத்தின் பெயரில் இருந்த முதற்சொல் ஆசிரியரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979 இல் தம் சொந்தக் குழுவாகிய கிரேஸி கிரியேஷன்ஸைத் தொடங்கினார். அவருடைய ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தை இயக்குநர் கே. பாலசந்தர் 1983 இல் ‘பொய்க்கால் குதிரை’ என்று படமாக்கினார். முதல் நாடகத்துக்கும் முதல் திரைப்படத்துக்கும் இடையே பதினொரு ஆண்டுகள்! இவ்விடைக்காலத்தில், பொறியாளர் வேலையோடு சேர்த்தே அவர் எழுத்தையும் பழகினார்.

இந்தப் பழக்கம் எத்தகையது? மேடை நாடகத்தில் ஒவ்வொரு காட்சியும் ஒரு சோதனை. எந்த வரியில் சபை சிரித்தது, எந்த வரியில் வாளாவிருந்தது என்பது அன்றிரவே தெரிந்துவிடும். மறுமுறை நடிக்கும்போது அந்த வரியைத் திருத்தலாம். ஆலையில் நாங்கள் ஓர் உறுப்பைச் செய்து, அளந்து, மீண்டும் செதுக்குவது போன்றது இது. 1975 ஆகஸ்ட் 15 ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபின், நகைச்சுவை நாடகம் வீட்டுக் கூடத்துக்கே வந்தது. அங்கே பார்ப்பவர் சிரித்தாரா என்பது எழுதியவருக்குத் தெரியாது. மேடையில் செதுக்கிச் செதுக்கிக் கை பழகியவரே அங்கு நிலைக்க முடியும். ‘சிரி சிரி கிரேஸி’, ‘விடாது சிரிப்பு’ முதலிய தொலைக்காட்சித் தொடர்களை அவர் எழுதியது இந்தப் பயிற்சியின் வலிமையால்தான்.

அவருடைய நகை பெரும்பாலும் ஒரு சொல்லை இருவர் இரு பொருளில் கேட்பதால் பிறப்பது. ஒருவர் ஒன்றை எண்ணிச் சொல்ல, மற்றவர் வேறொன்றாகக் கொண்டு விடை கூற, அந்த விடையே அடுத்த குழப்பத்துக்கு வித்தாகும். தமிழ்ச் சொல்லின் ஒலியும் வழக்கும் தெரிந்தவர்க்கு அது விருந்து. அவர் வசனம் எழுதி 1990 இல் வெளிவந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில், சைவச் சமையற்காரருடைய சாம்பாரில் மீன் விழுந்துவிடும் கட்டத்தை மறந்தவர் யார்? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மீன் விழுவதைத் தமிழறியாதவரும் கண்டு சிரிக்கலாம். பாலக்காட்டுத் தமிழில் அந்தச் சமையற்காரர் சமாளிக்கும் பேச்சின் சுவையோ தமிழறிந்தவர்க்கே கிட்டும். சொல்லின் பெருமையும் அதன் எல்லையும் அந்த ஒரு கட்டத்திலேயே காணக் கிடக்கின்றன.

இனி மற்றொரு மோகனிடம் வருவோம். 1931 இல் பிறந்த ராம் மோகன் சென்னைப் பல்கலைக் கழகத்தில் வேதியியல் பயின்றவர். 1956 இல் பம்பாயில் இந்திய அரசின் திரைப்படப் பிரிவில் கார்ட்டூன் படப் பகுதியில் சேர்ந்தார். டிஸ்னி நிறுவனத்தில் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ் என்னும் அமெரிக்கர் அங்கே வந்து இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். அக்குழு 1957 இல் உருவாக்கியது, புத்த ஜாதகக் கதையைத் தழுவிய ‘பேன்யன் டீர்’ என்னும் சித்திரப் படம்.

சித்திரப் படத்தின் கணக்கைச் சற்றுக் கேளுங்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்துக்கு 1440. ஒரு சித்திரத்தை இருமுறை படம் பிடித்தாலும், ஒரு நிமிடத்துக்கு 720 சித்திரங்கள் வேண்டும். வாழைப்பழத் தோலில் கால் வைத்தவன் விழுவதற்கு முன் காற்றில் எத்தனை நேரம் நிற்கவேண்டும் என்பதைச் சித்திரக்காரன் எண்ணி எண்ணி வரையவேண்டும். இரண்டு சித்திரம் கூடினாலும் சிரிப்பு நழுவிவிடும்.

ராம் மோகன் 12 ஆண்டுகள் அரசுப் பணியில் இத்தொழிலைப் பழகினார். 1968 இல் அதனை விட்டு, பிரசாத் நிறுவனத்தின் சித்திரப் படப் பிரிவை நடத்தினார். 1972 இல் சொந்த நிறுவனம் தொடங்கித் தயாரிப்பாளரானார். சத்யஜித் ராய் 1977 இல் எடுத்த ‘சத்ரஞ்ச் கே கிலாடி’ படத்தில் அவர் செய்த சித்திரப் பகுதி ஒன்று உண்டு. டல்ஹௌஸி பிரபு இந்திய அரசுகளைச் செர்ரிப் பழங்களைப்போல ஒவ்வொன்றாக விழுங்குவதை அதிலே காண்கிறோம். பல பக்கங்களில் எழுதவேண்டிய வரலாறு சில நொடிகளில் புரிந்துவிடுகிறது, புன்னகையும் வருகிறது, நெஞ்சும் சுடுகிறது. யூகோ சாகோ என்னும் ஜப்பானியருடன் சேர்ந்து இராமாயணத்தைச் சித்திரப் படமாக்கியதிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1990களில் யூனிசெப் அமைப்புக்காக ‘மீனா’ என்னும் சிறுமியை அவர் உருவாக்கினார். பள்ளிக்கு அனுப்பப்படாத அச்சிறுமி தன் கிளியைப் பள்ளிக்கு அனுப்பி எண்ணக் கற்றுக்கொள்கிறாள். கோழிகளை எண்ணிப் பார்த்துத் திருட்டைக் கண்டுபிடிக்கிறாள். வங்காள தேசத்திலும் நேபாளத்திலும் பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் குழந்தைகள் அவளைத் தங்கள் ஊர்ப் பெண்ணாகவே கண்டார்கள். 2014 இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ராம் மோகன் 2019 இல் காலமானார். கிரேஸி மோகன் 2019 ஜூன் 10 ஆம் நாள் மறைந்தார்.

இவற்றுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

எங்கள் தொழிற்பேட்டையில் தமிழரோடும் தெலுங்கரோடும் ஒடிசா, பீகார், வங்காளம் ஆகிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளர் தோளோடு தோள் நின்று வேலை செய்கின்றனர். 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்கவேண்டும் என்று விதித்தது. நல்ல விதிதான். ஆனால் பெரும்பாலோர் கணக்கில் வராத அந்தச் சிலருடைய விரல்கள்? தகடு வெட்டும் பிரஸ் இயந்திரம் கையின் சொந்தக்காரர் எந்த மொழி பேசுகிறார் என்று கேட்டு இறங்குவதில்லை.

நான் பணியாற்றிய ஆலை ஒன்றில், டூல் ரூமில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் நன்றாகப் படம் போடுவார். இயந்திரத்தை நிறுத்தாமல் உள்ளே கைவிட்டுத் துடைக்கும் ஓர் அசட்டு மனிதனை ஆறு கட்டங்களில் வரைந்து தரும்படி அவரைக் கேட்டேன். எழுத்து ஒன்றும் இல்லை. அந்தத் தாளை உணவுக்கூடத்தின் வாயிலில் ஒட்டினோம். ஒடியாக்காரர் சிரித்தார், பீகார்க்காரர் சிரித்தார். சில நாளில், எவரேனும் அவ்வாறு கைவிடப் போனால், பக்கத்தில் நிற்பவர் அந்த அசடனைப்போல முகத்தைக் காட்டுவார். நீட்டிய கை பின்வாங்கிவிடும். நகை பிறக்கும் களன்களுள் பேதைமையையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தது எத்துணைப் பொருத்தம்! பிறனுடைய பேதைமையைக் கண்டு சிரிப்பவன் அதனைத் தான் செய்ய நாணுகிறான். மேலதிகாரியின் கண்டிப்பால் விளையாதது தோழனின் சிரிப்பால் விளைந்தது.

ஆயினும் சித்திரம் ஒன்றே போதும் என்று நான் கூறமாட்டேன். ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்னும் வீறாப்பு, ‘அளவு குறைந்தால் மேஸ்திரி திட்டுவார்’ என்னும் அச்சம், இரவு முறையின் தூக்கக் கலக்கம் ஆகியவை மனத்துக்குள் இருப்பவை. இவற்றைப் பேச்சுத்தான் வெளிக்கொணரும். மார்ச் 4 ஆம் நாள் பாதுகாப்பு நாள் கொண்டாடும்போது, தொழிலாளரே எழுதி நடித்த பத்து நிமிட நாடகத்தில் இவை வெளிப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். அதிகாரியின் அறையில் ஒருபோதும் சொல்லாததை அவர்கள் அங்கே சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கேட்கவேண்டியவர்களும் முன்வரிசையில் இருந்தார்கள்.

திருவள்ளூரிலும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் ஆலை நடத்துவோரை நான் வேண்டுவது இது. உங்கள் ஆலையில் எழுதக்கூடியவர் ஒருவர் இருப்பார். வரையக்கூடியவர் ஒருவர் இருப்பார். அவர்களைத் தேடிப் பிடியுங்கள். வேலை நேரத்திலேயே வாரத்துக்கு ஒரு மணி அவர்களுக்குக் கொடுங்கள். முதல் நாடகம் சுவைக்கவில்லை என்றால் இரண்டாவதையும் எழுதச் சொல்லுங்கள். எழுதும் ஆசை உள்ள இளைஞர்களுக்கும் ஒரு சொல்: அலுவல் ஒரு கையிலும் பேனா ஒரு கையிலுமாகச் சில ஆண்டுகள் பொறுத்திருங்கள். உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் எதற்குச் சிரிக்கிறார், எதை மறைக்கிறார் என்பதை உற்றுக் கேளுங்கள். எழுத வேண்டிய பொருள் அங்கேயே இருக்கிறது.